மந்தணப் பெட்டியும் மலைத்தச்சர் மரபும்

ஜப்பான் தேசத்துத் தலைநகராகிய தோக்கியோவிற்குத் தென்மேற்கே, கானகாவா மாகாணத்தில், ஹாகோனே என்னும் மலைநாடு உளது. வெந்நீர் ஊற்றுகளாலும் ஓர் ஏரியாலும் பெயர்பெற்ற அம்மலைச்சாரலில் ஒருவகை மரப்பெட்டி செய்கின்றனர். அதனை அந்நாட்டார் 'ஹிமித்சு பாக்கோ' என்பர். 'ஹிமித்சு' எனில் மந்தணம், அஃதாவது இரகசியம். 'ஹாக்கோ' எனில் பெட்டி. இரு சொல்லும் புணருங்கால் வருமொழி முதலில் நின்ற ஹகரம் திரிந்து 'பாக்கோ' என்றாயிற்று. புணர்ச்சி விகாரம் தமிழ் இலக்கணத்திற்கே உரிய தொல்லையென்று அலுத்துக்கொள்ளும் மாணாக்கர்க்கு இதனை ஒருமுறை எடுத்துச் சொல்லலாம். நாம் இக்கட்டுரையில் அதனை மந்தணப் பெட்டி என்றே வழங்குவோம்.

மந்தணப் பெட்டியைக் கையில் எடுத்துப் பார்ப்பவர்க்கு அதில் மூடி எது, அடி எது என்பது விளங்காது. பூட்டு இல்லை; சாவித்துளை இல்லை; கீல் இல்லை; ஆணியும் இல்லை. ஆறு முகத்திலும் பன்னிறக் கோலம் இடையறாது ஓடும். நம் நாட்டுப் பழைய கல்லாப்பெட்டிகளில் கள்ளறை வைப்பதுண்டு என்பதை நம் அன்பர் பலர் அறிவர். சிலர் வீட்டில் இன்றும் அத்தகைய பெட்டி இருக்கக்கூடும். ஆயினும் அங்கே மறைந்திருப்பது ஓர் அறை மாத்திரமே. பெட்டிக்குப் பூட்டும் சாவியும் வேறே உண்டு. ஹாகோனேப் பெட்டியிலோ பெட்டியே பூட்டு. திறக்கும் முறையே சாவி.

அம்முறை யாதெனில், முதலில் பெட்டியின் குறுகிய பக்கத்துப் பலகை ஒன்று சிறிதளவு நகரும். அது விட்ட இடத்தால் மூடிப்பலகை சிறிதளவு பக்கவாட்டில் நகர வழி பிறக்கும். மூடி நகர்ந்தபின் முன்னைய பக்கப்பலகை இன்னும் ஒரு படி நகரும். அதன்பின் மூடி இன்னும் ஒரு படி. இவ்வாறு ஒன்றுக்கொன்று வழிவிட்டு வழிவிட்டுச் சென்று, இறுதியில் மூடி முழுதும் விலகும். மூடுங்கால் அத்தனையும் தலைகீழாகச் செய்தல் வேண்டும். இடையில் ஒரு படி தவறினும் பெட்டி அசையாது. எளிய பெட்டிக்கு 4 அசைவு போதும். கடைகளில் மிகுதியும் காண்பது 10 அசைவுப் பெட்டியும் 21 அசைவுப் பெட்டியும். 54, 72 என்ற கணக்குடையனவும் உண்டு. நூற்றுக்கு மேற்பட்ட அசைவுடையனவும் செய்துள்ளனர். அளவைப் பழைய முறைப்படி 'சூன்' என்ற அலகாலேயே குறிப்பர். ஒரு சூன் ஏறக்குறைய 3 சென்டிமீட்டர். ஜப்பானில் 1959-ஆம் ஆண்டு முதல் வாணிகத்தில் மீட்டர் அளவே சட்டமாயினும், இப்பெட்டிகள் மட்டும் இன்றும் நான்கு சூன், ஐந்து சூன் என்றே பெயர் சொல்லி விற்கப்படுகின்றன. உள்ளங்கையில் அடங்கும் மிகச்சிறியதற்குப் பயற்றுப்பெட்டி என்னும் பொருளுடைய செல்லப்பெயர் ஒன்றும் உண்டு.

பெட்டியின் உள்ளே இருப்பது பெரிய யந்திரம் அன்று. பலகைகளின் ஓரத்தில் நாக்கும் காடியும் எடுத்து, அவற்றின் இடையிடையே சிறு மரக்கட்டைகளை வைத்திருப்பர், அவ்வளவே. ஆனால் அந்த 'அவ்வளவே' என்பதில் தான் தொழில் இருக்கிறது. காடி ஒரு மயிரிழை அகன்றால் பலகை தானே ஆடி மந்தணத்தை வெளிப்படுத்திவிடும். ஒரு மயிரிழை குறுகினால் மழைக்காலத்தில் மரம் ஈரம் ஏற்று ஊறி, திறக்கத் தெரிந்தவரும் திறக்க மாட்டாராவர். ஆதலின் மரத்தை நெடுநாள் உலர்த்திப் பதம் கண்டே உளி வைப்பர். உளி பிடித்த கைகளைத் தம் இல்லங்களில் கண்டு வளர்ந்த நம்மவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இனி, மேலே உள்ள கோலத்தைப் பற்றிச் சிறிது கூறுவோம். இஃது எழுதிய கோலம் அன்று, சாயமும் அன்று. 'யோசெகி' என்னும் மரச்சேர்ப்பு வேலை. ஹாகோனே மலையில் பலவகை மரங்கள் செறிந்திருத்தலால் இயற்கை நிறங்களுக்குக் குறைவில்லை. மிசுக்கி என்னும் மரம் வெண்மை, நிகாக்கி மஞ்சள், கெயாக்கி பழுப்பு, ஹோ என்பது சாம்பல் கலந்த பச்சை, நெடுங்காலம் மண்ணிற் புதைந்து கிடந்த கட்சுரா மரம் கருமை. இவற்றை முக்கோணம், சாய்சதுரம் முதலிய வடிவுள்ள நீண்ட குச்சிகளாகச் சீவி, பசை தடவி ஒன்றோடொன்று சேர்த்து, கயிற்றால் இறுகக் கட்டி உலரவிடுவர். உலர்ந்த கட்டையை ஒருபுறம் குறுக்கே அறுத்தால் அறுத்த முகம் முழுதும் ஒரு கோலம் தோன்றும். அக்கட்டைகளை மேலும் மேலும் சேர்த்துப் பெரும்பாளம் ஆக்கி, அகன்ற இழைப்புளியால் அதன் முகத்தைத் தாள்போல மெல்லியதாகச் சீவி எடுப்பர். நம் பட்டறைகளில் சீவல் என்பது அடுப்பெரிக்கப் போவது. அங்கேயோ சீவலே சரக்கு. சுருண்டு விழும் அச்சீவலைச் சூட்டுப்பெட்டியால் தேய்த்து நிமிர்த்தி, தாளில் ஒட்டிப் பெட்டியின்மேல் போர்த்துவர். சணல் இலை, ஆமையோடு, கடலலை, அம்பின் இறகு என்று கோலந்தோறும் பெயருண்டு. இக்கோலம் அழகிற்காக மட்டும் அன்று. பலகைகளின் மூட்டுவாய் கோட்டோடு கோடாக மறைந்துபோதற்கும் அதுவே துணை. ஆகவே மேனியும் மந்தணமும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன.

நிற்க. இத்தொழிலுடையார் யாவர், எங்கிருந்து வந்தனர் என்பதே நம்போன்றார்க்கு முதன்மையான வினா. ஹாகோனேயும் அதன் அடிவாரத்து நகரமாகிய ஓதவாராவும் மரவேலைக்கு ஊரானது இப்பெட்டிகளால் அன்று. அதற்குப் பன்னூறாண்டு முன்னரே அங்குக் கடைசற்காரர் இருந்தனர். ஜப்பானில் கடைசற்காரரைக் 'கிஜிஷி' என்பர். ஒருவர் கயிற்றை மாறிமாறி இழுத்துச் சுழற்ற, மற்றொருவர் உளி வைத்துக் கிண்ணமும் தட்டும் கடைவர். கணவன் உளி பிடிக்க மனைவி கயிறிழுத்தலும் வழக்கம். மரம் உள்ள மலையில் சிலகாலம் தங்கி, நல்ல மரம் தீர்ந்தபின் அடுத்த மலைக்குப் பெயர்வர். நிலையான ஊரில்லாத அம்மக்களைச் சமவெளிக் குடியானவர் அயலாராகவே நோக்கினர்.

இம்மக்கள் தமக்கு உரைத்துக்கொண்ட தோற்றக் கதையை ஈண்டுக் கூறுதல் வேண்டும். ஒன்பதாம் நூற்றாண்டில் மொந்தொகு என்னும் பேரரசர்க்கு மூத்த மைந்தராக 844-ஆம் ஆண்டில் பிறந்தவர் கொரெதாகா இளவரசர். தாய்வழிச் செல்வாக்கு இன்மையால் அவரை விடுத்து இளைய தம்பிக்கு அரசுரிமை சென்றது. இளவரசர் 872-இல் துறவு பூண்டு 897-இல் மறைந்தார். இதுவரை வரலாறு. இதன்மேல் கிஜிஷி மக்கள் கூறுவது: இளவரசர் ஓமி நாட்டு ஓகுரா மலைப்பள்ளத்தாக்கில் வந்து தங்கினார்; ஒருநாள் சமய நூற்சுருளை விரிக்கும்போது அதன் தண்டு சுழல்வதைக் கண்டு கடைசல் யந்திரத்தைக் கற்பித்தார்; மலைவாழ் மக்களுக்கு அதனைப் பயிற்றினார்; அம்மக்களின் வழித்தோன்றல்களே நாங்கள் என்பது. ஆதலின் எந்த மலையிலும் மேற்பகுதியில் நிற்கும் மரங்களை வெட்டிக்கொள்ளத் தமக்கு அரசாணை உண்டென்று கூறி, பேரரசர் பெயராலான ஓலைகளின் படிகளையும் உடன் கொண்டு சென்றனர். மலைக்குரியார் தடுத்தால் அவ்வோலையை எடுத்துக் காட்டுவர்.

இக்கதை எத்துணை மெய்? இளவரசர் பிறப்பதற்கு எழுபது ஆண்டுகட்கு முன்பே, 764-ஆம் ஆண்டுக் கலகம் அடங்கியபின், ஷோதோகு பேரரசியார் பத்து இலட்சம் சிறு மரக்கோபுரங்கள் செய்வித்துப் பத்துக் கோயில்களுக்கு இலக்கம் இலக்கமாகப் பகிர்ந்தளித்தார். அப்பணி 770-இல் முடிந்தது. ஹோரியூஜிக் கோயிலில் இன்றும் அவற்றுள் நாற்பதினாயிரத்திற்கு மேற்பட்டவை உள்ளன. அவை யாவும் கடைசலில் கடைந்தவை. அடியில் கடைசற்பற்றின் வடு இன்றும் தெரிகிறது. ஆகவே கடைசல் யந்திரம் இளவரசர்க்கு முன்னரே அந்நாட்டில் செவ்வனே வழங்கியது என்பது வெளிப்படை. அரசாணை ஓலைகளும் பிற்காலத்தார் இயற்றியனவே என்பது ஆராய்ச்சியாளர் துணிபு.

இதனைக் கூறுவதால் அம்மக்களை எள்ளுகிறோம் என்று யாரும் கருதற்க. தொழிலால் வாழும் ஒவ்வொரு மரபும் தன்னை ஓர் அரசனோடோ முனிவனோடோ இணைத்துக் கதை வகுத்துக்கொண்டமை எந்நாட்டிலும் காணப்படுவதே. நம் இதழில் வெளிவந்த குலவரலாறுகளிலும் அத்தகையன உண்டு என்பதை நாம் மறைக்க வேண்டுவதில்லை. கேட்பாரற்ற மலைமக்களுக்கு அவ்வோலை ஒரு கேடயமாயிருந்தது. நாம் வினவுவது வேறு. அவர்கள் தொழில் நிலைத்தது அவ்வோலையாலா, வேறொன்றாலா?

ஓமி நாட்டில் கிமிகாஹாதா, ஹிருதானி என இரண்டு சிற்றூர்கள் உள. இரண்டும் தாமே கிஜிஷி மக்களின் தாயூர் என்று தம்முள் போட்டியிட்டன. 17-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 19-ஆம் நூற்றாண்டின் இறுதி வரை இவ்வூர்களிலிருந்து ஆட்கள் புறப்பட்டு, நாடெங்கும் உள்ள மலைகளில் ஏறியிறங்கி, கடைசற்காரர் குடும்பங்களைத் தேடிச்சென்று, பெயரைப் பதிந்து, கோயிற்பணிக்கென்று காணிக்கை பெற்று வந்தனர். அக்கணக்கேடுகள் இன்றும் உள்ளன. சந்தா வசூலிக்க ஊரூராய் அலையும் நம் சங்கக் காரியதரிசிகள் இச்செய்தியைப் படித்தால் தமக்கு முன்னோடிகள் ஜப்பானிலும் இருந்தனர் என்று ஒருவாறு ஆறுதல் அடையலாம். அந்த ஏடுகளில் பெயர் எழுதப்பெற்றவர் யாவரும் ஒரே குருதியினர் ஆகார். உளி பிடித்து மரம் கடைந்தவர் பதியப்பெற்றனர் என்பதே அதன் உண்மை. தொழிலே அங்கு உறவாயிற்று.

ஓதவாராவின் கடற்புறத்தே ஹாயகாவா என்னும் பகுதியில் கீ என்ற கோயில் இருக்கிறது. அங்குக் கொரெதாகா இளவரசரை வழிபடுகின்றனர். இக்கோயிலைச் சூழ்ந்து குடியேறிய கடைசற்காரரே அவ்வட்டாரத்து மரத்தொழிலுக்கு வித்திட்டவர் என்பது அங்குள்ளார் கூற்று. அவர்களுடைய தொழில் பின்னர் மலைமேல் ஏறி ஹதாஜுக்கு என்னும் சிற்றூரை அடைந்தது.

ஹதாஜுக்கு ஊரின் நற்பேறு அது நின்ற பாதையே. எதோ நகரத்தையும் (அதுவே இன்றைய தோக்கியோ) கியோத்தோ நகரத்தையும் இணைத்த தோக்கைதோப் பெருவழி 1601-ஆம் ஆண்டில் தங்குமிடங்கள் வகுக்கப்பெற்றுச் செம்மையாயிற்று. 53 தங்குமிடங்கள் அதில் இருந்தன. ஓதவாராவிலிருந்து ஹாகோனேத் தங்குமிடம் வரை ஏறுவது அவ்வழியிலேயே மிகக் கடிய ஏற்றம். 1680-ஆம் ஆண்டளவில் சேற்றுக்கு அஞ்சிக் கல் பரப்பினர். மேலே 1619 முதல் 1869 வரை அரசாங்கச் சோதனைச்சாவடி இருந்தது. அக்கல்வழியின் இடையில், மூச்சுவாங்கும் பிரயாணி அமர்ந்து தேநீர் பருகும் இடத்தில் அமைந்தது ஹதாஜுக்கு. பிரபுக்களும் அவர் பரிவாரமும், யாத்திரிகரும், வெந்நீர் ஊற்றில் குளிக்க வந்த நோயாளரும் அவ்வழியே சென்றனர். மலையில் மரம், வாசலில் வாடிக்கை. இதற்குமேல் தொழிலுக்கு என்ன வேண்டும்? கையில் அடங்கும் தட்டும் பெட்டியும் பொம்மையும் அங்கு மிகுந்தன. ஊர்போய்ச் சேர்ந்தவர் உறவினர்க்குக் கொடுக்கச் சிறு பொருள் வாங்கிச்செல்லுதல் ஜப்பானியரிடை ஒரு கடமைபோலவே நிலவுவது.

அவ்வூரில் இஷிகாவா நிஹெய் (1790 முதல் 1850 வரை வாழ்ந்தவர்) என்பவரே யோசெகி வேலையைத் தொடங்கினார் என்பர். அவர் காலத்து வேலை இன்று நாம் காணும் நெருங்கிய தொடர்கோலம் அன்று. பலநிற மரத்துண்டுகளை ஒழுங்கின்றிச் சேர்த்த எளிய வகையும் நேர்கோட்டு வகையுமே மிகுதி. நெருங்கிய கோலத்தின் வித்தை மெய்ஜி ஆட்சியின் தொடக்கத்தில், அஃதாவது 1868-க்குப்பின், மேற்கே உள்ள ஷிஸுஓக்கா நாட்டினின்றும் வந்தது.

இவ்விடத்தில் அன்பர்கள் சற்று நின்று எண்ணுதல் வேண்டும். இன்று உலகெங்கும் 'ஹாகோனே' என்றே பெயர்பெற்று நிற்கும் கோலம், ஹாகோனேயார் அயலூராரிடம் கற்றது. எங்கள் பாட்டன் செய்யாததை நாங்கள் செய்யோம் என்று அவர்கள் வாயிலை அடைத்திருந்தால் அவ்வேலை ஷிஸுஓக்காவின் பெயராலேயே வழங்கியிருக்கும். ஒருகால் வழக்கொழிந்தும் போயிருக்கும். அதே காலத்தில் பழைய வாழ்வுக்கு அடி விழுந்ததும் கருதத்தக்கது. சோதனைச்சாவடி எடுபட்டது, பிரபுக்களின் பிரயாணம் நின்றது, நில உரிமைச் சட்டங்களால் மலைகளுக்கு எல்லை கட்டினர், பேரரசர் பெயரிட்ட ஓலை கண்டு மரம் விடுவாரில்லை. நாடெங்கும் கிஜிஷி மக்கள் ஓரிடத்தே நிலைகொள்ள நேர்ந்தது அப்போதுதான். ஓலை தோற்ற நாளில் புதுக்கோலம் கைகொடுத்தது.

மந்தணப் பெட்டி பிறந்தது இக்காலத்தே. அதற்கு முன்னரும் ஒளிவறை வைத்த பெட்டிகளும், ஒன்றிரண்டு அசைவில் திறக்கும் சூழ்ச்சிப் பெட்டிகளும் அங்கு இருந்தன. அவற்றை வளர்த்துப் பல அசைவுகளாக அடுக்கி, இன்றைய மந்தணப் பெட்டிக்கு வடிவளித்தவர் ஓகாவா ரியூகொரோ என்பவர் என்றும், அஃது 1894-ஆம் ஆண்டளவில் நிகழ்ந்ததென்றும் கூறுவர். காலமும் வாய்ப்பாயிருந்தது. யோக்கோஹாமாத் துறைமுகம் 1859-இல் வெளிநாட்டார்க்குத் திறக்கப்பட்டபின், ஐரோப்பியரும் அமெரிக்கரும் கோடையைக் கழிக்க ஹாகோனேக்கு ஏறினர். மியானோஷிதாவில் 1878-இல் அவர்க்கென ஹோட்டலும் எழுந்தது. மேலைநாட்டார்க்குத் தட்டும் கிண்ணமும் வேண்டுவதில்லை. திறக்க இயலாத பெட்டி வேண்டும்! கப்பலேறிய மந்தணப் பெட்டிகள் பல. ஹாகோனேக் கடைசற்காரர் செய்த அடுக்குப்பொம்மையைக் கண்டே ருஷியர் தம் மத்ரியோஷ்காப் பொம்மையைச் செய்தனர் என்பதும் அங்கு வழங்கும் ஒரு கர்ண பரம்பரை; அதனைப் பற்றி வாதிப்பார் இரு நாட்டிலும் உளர்; நமக்கு அவ்வாதம் வேண்டா. 1923-ஆம் ஆண்டு செப்டெம்பர் முதல்நாள் நேர்ந்த பெரும் பூகம்பம் சகாமி விரிகுடாவை அடுத்த இவ்வூர்களையே முதலிற் புடைத்தது. ஓதவாரா நகரம் இடிந்தும் எரிந்தும் போயிற்று. அதன்பின்னும் உளி ஓசை எழுந்தது.

நாம் பார்த்த மந்தணப் பெட்டி நான்கு சூன் நீளமுடையது. அயல்நாடு சென்று மீண்ட ஒருவர் தம் மகன் வழியாகப் பள்ளிக்கு அனுப்பியிருந்தார். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் நாற்பதின்மர் கைமாறியும் திறக்கவில்லை. அதனொடு வந்த சிறு காகிதத்தில் திறக்கும் முறை படமாக எழுதியிருந்தது. அதனைக் கண்டபோது நமக்கு ஓர் எண்ணம் உண்டாயிற்று. பெட்டிக்கு இருவகை மந்தணம் உண்டு. ஒன்று, திறக்கும் மந்தணம். அதனைச் செய்தவனே காகிதத்தில் எழுதி வாங்குவோனிடம் கொடுத்துவிடுகிறான். மற்றொன்று, செய்யும் மந்தணம். காடி எவ்வளவு, மரம் எத்துணை உலர்ந்தது, எந்த அசைவுக்கு எந்தக் கட்டை என்பன. இதனைக் காகிதத்தில் எழுதினும் பயனில்லை. ஆசிரியன் அருகிருந்து மாணாக்கன் கை பழகவேண்டும். முதல் மந்தணத்தை ஒளிப்பதால் விளையாட்டு நடக்கும். இரண்டாவதை ஒளித்தால் தொழிலே மடியும். இன்று பல அசைவுடைய மந்தணப் பெட்டியைத் தொடக்கமுதல் முடிவுவரை தாமே செய்யவல்லார் ஹாகோனேயில் மிகச் சிலரே. மகன் வேறு வேலைக்குப் போனான், மாணாக்கன் வரவில்லை, ஆசிரியர் மறைந்தார், அவர் பட்டறையில் விட்டுச்சென்ற பாதிப்பெட்டியை முடிக்க ஆளில்லை. இஃது அவ்வூர்க் கதை மட்டும் அன்று. நம் முன்னோர் சிலர் தாம் அறிந்த கைம்முறையைத் தமையன் மகனுக்கும் சொல்லாமல் மறைந்ததையும், அவர் செய்த தேரின் அச்சைப் பழுதுபார்க்க ஆளின்றி ஊரார் திகைத்ததையும் நம் சங்கக் கூட்டங்களிலேயே முதியோர் வாயாற் கேட்டிருக்கிறோம்.

ஜப்பானிய அரசாங்கம் 1974-ஆம் ஆண்டில் மரபுக் கைத்தொழில்களைக் காக்கச் சட்டம் ஒன்று செய்தது. ஒரு தொழில் அச்சட்டத்தின் கீழ் வரவேண்டுமாயின், ஏறக்குறைய நூறாண்டுப் பழமை உடையதாதல் வேண்டும். முதன்மையான பகுதி கையால் செய்யப்படல் வேண்டும். அன்றியும் அவ்வட்டாரத்தில் பத்துப் பட்டறையேனும் முப்பது தொழிலாளரேனும் இருத்தல் வேண்டும் என்பது வரையறை. பழம்பெருமை மட்டும் கூறினால் சட்டம் செவிசாய்க்காது. இன்றைக்கு எத்தனை பேர் உளி பிடிக்கிறீர் என்றே வினவுகிறது. எத்தனை பேர் அரசவழியினர் என்று வினவவில்லை. இவ்வரையறையை வகுத்தவர் தொழிலின் உயிர்நிலை இன்னதென்று அறிந்தவரே என்பது நம் கருத்து. 1984-ஆம் ஆண்டில் ஹாகோனே யோசெகி வேலை இச்சட்டத்தின்படி மரபுத்தொழிலாக ஏற்கப்பெற்றது.

சட்டம் காப்பது பழைய கோலத்தை. மந்தணத்திற்குப் புதுவழி கண்டவர் வேறு சிலர். காமெய் அகியோ என்னும் சிற்பாசிரியரும் அவரோடு சேர்ந்தாரும் 'காரகுரி படைப்புக் குழு' என ஒரு சங்கம் கூடினர். 'காரகுரி' என்பது மறைபொறியைக் குறிக்கும் பழஞ்சொல். இவர்கள் ஹாகோனேப் பெட்டியைப் படியெடுக்கவில்லை. அதன் கருத்தை மட்டும் எடுத்துக்கொண்டனர். பெட்டி பெட்டிபோல இருக்கவேண்டும் என்ற விதியையும் விட்டனர். சூதாடு கருவிபோல இருக்கும் ஒன்று, எந்த முகத்தை எவ்வரிசையில் கீழே வைக்கிறோம் என்பதைப் பொறுத்து, உள்ளிருக்கும் துண்டுகள் தம் கனத்தால் விழுந்து திறக்கும். பம்பரம் போன்ற ஒன்று சுழற்றினாலன்றித் திறவாது. காந்தத்தால் திறப்பனவும் உண்டு. குழுவில் ஒவ்வொருவரும் தம் பெயரைப் பொறித்தே செய்கின்றனர். முன்னாளில் கடைக்காரர் பெயரோடு வெளிவந்து செய்தவர் பெயர் மறைந்த நிலை இங்கில்லை. மரபினர், மரபினரல்லார் என்ற வேறுபாடும் நோக்குவதில்லை.

இவர்களை வாழ்விப்பது ஒரு விந்தையான ஏற்பாடு. பல நாட்டு அன்பர்கள் குழுவிற்குச் சந்தாச் செலுத்தி உறுப்பினராகின்றனர். எந்தச் சிற்பியின் படைப்பு வேண்டும் என்பதை மட்டும் முன்னரே தெரிவிப்பர்; அஃது எவ்வாறு இருக்கும் என்பது அவர்க்குத் தெரியாது. ஆண்டிறுதியில் கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு அது வீடு தேடிச் செல்லும். காணாத பொருளுக்கு, செய்வோன் கைமேல் வைத்த நம்பிக்கையால், ஆண்டு முழுதும் முன்பணம் கொடுக்கும் வாடிக்கையாளரைப் பெற்ற தொழிலாளி பாக்கியசாலி. அவ்வன்பரிடையே ஒரு நல்வழக்கமும் உண்டு. தாம் திறந்த பெட்டியின் விடையைக் கேளாதவர்க்கு வெளியிடார். கேட்பவர்க்கும் முதலில் ஒரு குறிப்பே கொடுப்பர்.

யோசெகிப் பட்டறைகளிலும் இளைஞர் சிலர் புகுந்துள்ளனர். இவருள் கல்லூரிப் படிப்பை முடித்துப் பிற ஊர்களினின்று வந்து பயின்றாரும் உளர். பழையோர் சீவல் எடுத்துப் போர்த்துவதே வழக்கம் என்று நிற்க, இவர்கள் கோலப்பாளத்தையே கடைந்து தட்டும் கிண்ணமுமாக்கும் முறையை மிகுதியாகக் கைக்கொண்டனர். அங்ஙனம் கடைந்தால் கோலம் மேலோடு மட்டும் நில்லாமல் வளைவிற்கேற்ப உட்புறமும் விரிந்து காணும். யோசெகியார் கையிலேயே கடைசல் மீண்டும் சுழல்கிறது. ஹாயகாவாவின் பழங்கடைசற்காரர் கண்டால் மகிழ்ந்திருப்பர்.

ஜப்பானில் ஆண்டுதோறும் ஜனவரி 2, 3-ஆம் நாட்களில் கல்லூரி மாணவர் தோக்கியோவிலிருந்து ஹாகோனே ஏரிக்கரை வரை மாற்றி மாற்றி ஓடி, மறுநாள் அவ்வாறே திரும்பும் ஓட்டப்போட்டி ஒன்று நடைபெறும். 1920-இல் தொடங்கியது அது. நாடு முழுதும் வீட்டிலிருந்து அதனைக் காண்பர். முதல்நாள் மலையேறி முந்தும் கல்லூரிக்கு 1997 முதல் அளிக்கப்படும் வெற்றிக்கேடயம் ஹதாஜுக்குப் பட்டறையில் யோசெகி வேலையாற் செய்தது. ஆண்டுதோறும் அதன் வடிவு மாறும். ஆகவே ஒவ்வோராண்டும் அப்பட்டறையில் புதிதாக ஒன்றைக் கருதிச் செய்தாக வேண்டியிருக்கிறது.